ஆண்டி சுனை வரை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒரு வேலையும் முடியவில்லை. காரணம் பூபதி.

பொங்கலூர்ப் பக்கம் ஒரு காற்றாலையில் போல்ட் இறுக்கும் வேலை. காற்று குறைந்த இந்த மாதங்களில்தான் இதைச் செய்ய முடியும். மே பிறந்துவிட்டால் இறக்கையை நிறுத்த முதலாளிகள் சம்மதிக்க மாட்டார்கள். நானும் பூபதியும் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரே ஜோடி. டவருக்குள் நேராக நிற்கும் இரும்பு ஏணி. அவன் முதலில் ஏறுவான், பிறகு நான். இன்று பாதி உயரத்தில் நின்றுவிட்டான். கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது காலை அடுத்த கம்பியில் வைக்கப் பார்க்கிறான், கால் நுனி கம்பியில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

"எறங்கலாம்டா மூர்த்தி" என்றான்.

எங்கள் வேலையில் இந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. ஜோடியில் யார் சொன்னாலும் இருவரும் இறங்கியாக வேண்டும். ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது. தரைக்கு வந்து டீ குடித்த பிறகு கேட்கலாம். விதி பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது, டீ நாங்கள் சேர்த்தது. ஏணியில் தொங்கிக்கொண்டு வாக்குவாதம் செய்தால் ஒருவன் சாவான். அதனால் நல்ல விதிதான். ஆனால் இன்று அரை நாள் போனது.

டீக்கடையில் கேட்டேன். "ஷூ வழுக்குது" என்றான். கழற்றச் சொல்லிப் பார்த்தேன். அடிப்பாகம் நன்றாக இருக்கிறது. வலது ஷூவின் நுனி மட்டும் தேய்ந்து கிழிந்திருக்கிறது. நடக்கும்போது காலைத் தூக்காமல் இழுக்கிறான். சோம்பேறித்தனம். புது ஷூ வாங்கு, தொப்பையைக் குறை என்றேன்.

"சரிங்க ஆபீசர்."

பிப்ரவரி 7, வெள்ளி

புது ஷூ. அதே கதை.

பிப்ரவரி 13, வியாழன்

பூபதி லீவு. வேறு ஜோடியிலிருந்து இரவல் வாங்கிய ஆளோடு ஏறினேன். ஏறும்போது பாட்டுப் பாடுகிறான். மேலே போய், டவர் உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் நாசெல் அறையின் கூரையைத் திறந்தபோது மேற்கே மலை வரிசை துல்லியமாகத் தெரிந்தது. பூபதி இருந்தால் வழக்கம்போல "அதுல எதுடா வெள்ளியங்கிரி?" என்று கேட்டிருப்பான். எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

அறையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு நாள் பேக்கரிச் சாப்பாடு.

பிப்ரவரி 24, திங்கள்

பூபதி பேக்கரிக்கு வரச் சொன்னான். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து, தேங்காய் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

"கோயமுத்தூர்ல காட்டுனன்டா. நரம்பு சாகுதாம்."

"எந்த நரம்பு?"

"தசைய அசைக்கற நரம்பெல்லாம். மொதல்ல காலு. அப்பறம் கை. அப்பறம் பேசறது, முழுங்கறது. அறிவு மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்குமாம். எனக்கு இருக்கற அறிவுக்கு அது ஒண்ணும் பெரிய ஆறுதல் இல்லீங்கன்னு டாக்டர்கிட்டயே சொன்னேன்."

ரிப்போர்ட் தப்பாக இருக்கும், வேறு இடத்தில் காட்டு என்றேன். மூன்று இடத்தில் காட்டிவிட்டானாம். கோளாறு என்று இருந்தால் காரணம் இருக்க வேண்டும், காரணம் இருந்தால் மாற்ற ஒரு பார்ட் இருக்க வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பார்ட் கெடைக்காதுடா. அந்த மாடலையே நிறுத்திட்டானாம்" என்றான் பூபதி. பிறகு பன்னைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "வெள்ளியங்கிரி போலாம். கால் இருக்கறப்பவே ஒருக்கா அந்த ஏழு மலையும் ஏறிப் போடணும். உச்சியில நின்னு நம்ம காத்தாடி எதுன்னு பாக்கணும். அது தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் பாக்கணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

அறைக்கு வந்து போனில் அந்த நோயின் பெயரைப் போட்டுப் படித்தேன். கொஞ்சம் படித்தேன். மூடிவிட்டேன். பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

திருமூர்த்தி மலையில் அருவிப் பாதை வரை நடக்க வைத்துப் பார்த்தேன். பிரச்சினை இதுதான்: வலது பாதம் மேலே மடங்குவதில்லை. தொங்குகிறது. அதனால் நுனி கல்லில் தட்டுகிறது, ஆள் விழுகிறான். தொடையில் இன்னும் பலம் இருக்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, நீளமாக வெட்டி, ஒரு முனையை ஷூ லேஸில் மாட்டி, மறு முனையை முழங்காலுக்குக் கீழே பட்டையாகக் கட்டினேன். ரப்பர் பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. நடந்து காட்டினான். தட்டவில்லை. ஓடக்கூடப் பார்த்தான்.

"டேய், நீ இன்ஜினியர்தான்டா. இத்தன நாளா நான் நம்பல."

நான் டிப்ளமோதான். சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி சுகன்யா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்ணா, நீங்களாச்சும் வேண்டாம்னு சொல்லக் கூடாதா? ஒடம்பக் களைக்க விடாதீங்கன்னு டாக்டர் அத்தன சொல்லியிருக்காரு. இவரு கேக்க மாட்டீங்கறாரு."

"நான் என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறேன்? நடக்கத்தான் போறேன்" என்றான் பூபதி.

"உங்கள நான் கேக்கல. அண்ணனக் கேட்டேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் போதும் என்று கையை வைத்த பிறகும் ஊற்றினாள். கை மேலே விழுந்தது.

மார்ச் 14, வெள்ளி

நேற்று மலை. எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்து போகும்.

சிவராத்திரிக் கூட்டம் வடிந்திருக்கும் என்று வியாழக்கிழமையாகப் பார்த்துப் போனோம். விடியும்போது அடிவாரத்தில் இருந்தோம். ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். கடைக்காரர் பூபதியின் காலில் டியூபைப் பார்த்து, "அதென்னங் சாமி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். "சஸ்பென்சன்" என்றான். அவர் தலையாட்டிக்கொண்டார்.

முதல் மலை முழுக்கப் படி. கருங்கல்லை ஒழுங்கில்லாமல் போட்டிருக்கிறார்கள், ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். எந்த அளவும் இல்லை. அதில்தான் பாதிப்பேர் திரும்பிப் போகிறார்கள். பூபதி போகவில்லை. டியூப் வேலை செய்தது. இடது கையில் தடி, வலது கையை என் தோளில் வைக்கச் சொன்னேன், வைக்க மாட்டேன் என்றான்.

இறங்கி வருகிறவர்களிடம் எரிச்சலாக இருந்தது. யாரைக் கேட்டாலும், "பக்கத்துலதான் சாமி, இன்னும் கொஞ்சந்தான்" என்கிறார்கள். முதல் மலை பாதியில் ஒருவர் அப்படிச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவரும் அதையே சொன்னார். இவர்களுக்கு ஏன் பொய் என்று கேட்டேன்.

"பொய் இல்லடா. அவங்களுக்கு முடிஞ்சு போச்சு, அதனால பக்கமாத் தெரியுது" என்றான் பூபதி. பிறகு எங்களைத் தாண்டி மூச்சிரைக்க வந்த ஒரு குண்டு ஆளிடம் அவனே, "பக்கத்துலதானுங் சாமி!" என்றான். நாங்களே அப்போது இரண்டாவது மலையில்தான் இருந்தோம்.

மூன்றாவது, நான்காவது மலை மரநிழல். பேசிக்கொண்டே போனோம். பேசியது அவன். மேனேஜரைப் போல நடித்தான், சுகன்யாவைப் பெண் பார்க்கப் போன நாளில் கரண்ட் போன கதையைச் சொன்னான். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் போட்ட திட்டத்தைவிட மிகவும் பின்தங்கியிருந்தோம். 'பேச்சைக் குறை, மூச்சு வீண்' என்றேன்.

"இது தீரறதுக்குள்ள பேசிக்கறேன்டா" என்றான். மூச்சைச் சொன்னானா, பேச்சைச் சொன்னானா என்று தெரியவில்லை.

ஐந்தாவது மலை வெட்டவெளி. புல், பாறை, காற்று. காற்று பலமாக அடித்தது. அவன் நின்று வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். "நல்ல வேகம்டா. இங்க ஒரு காத்தாடி போட்டா என்னமா ஓடும்" என்றான். ஆறாவது மலை இறக்கம். இறக்கத்தில்தான் இரண்டு முறை விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. டியூப் ஒரு இடத்தில் கிழிய ஆரம்பித்தது. மாற்று டியூப் கொண்டு போயிருந்தேன், மாட்டினேன்.

ஆண்டி சுனைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அந்தச் சுனைத் தண்ணீர் ஐஸ். குளித்துவிட்டுத்தான் ஏழாவது மலை ஏறுவார்கள். குளித்தோம். பூபதி கத்திய கத்தலில் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலையைத் துவட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஏழாவது மலை நேராக நிற்கிறது. எல்லோரும் ஷூவையும் செருப்பையும் கழற்றிப் பாறை ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறார்கள்.

டியூபை ஷூ லேஸில் மாட்டியிருக்கிறேன். ஷூ இல்லாவிட்டால் அது எதையும் பிடிக்காது.

எல்லாவற்றையும் யோசித்தேன். தண்ணீர், குளுக்கோஸ், மாற்று டியூப். இதை யோசிக்கவில்லை. இங்கே வெறுங்கால்தான் என்று முன்பு வந்துபோனவர்கள் எல்லோரும் சொன்னதுதான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஷூவோடு போ, யார் கேட்பது என்றேன்.

"எல்லாரும் கழட்டறாங்க. நான் மட்டும் எதுக்கு?" என்றான்.

கழற்றினான். டியூபைப் பாதத்தில் சுற்றிக் கட்டிப் பார்த்தேன், நழுவியது. வேட்டியைக் கிழித்துக் கட்டினேன், அதுவும் நிற்கவில்லை. பாதம் துணி போலத் தொங்கியது. எழுந்து கொஞ்சம் ஏறினான், விழுந்தான். மறுபடி எழுந்தான், விழுந்தான். பிறகு எழவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றி, அப்படியே ஏற ஆரம்பித்தான்.

"நாலு வீல் டிரைவ்டா மூர்த்தி!" என்றான் திரும்பி. முகமெல்லாம் சிரிப்பு. வேண்டுமென்றே சிரித்தது இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் கும்பிட்டார். இறங்கி வந்த ஒரு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், எப்படிக் கெடந்து வருது பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பூபதிக்கு அது கேட்டிருக்காது, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவன் முழங்காலில் ரத்தம் தெரிந்தது. பாறையில் அங்கங்கே அச்சுப் போல விழுந்திருந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், அதனால் பார்த்தேன்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். எனக்கும் முட்டி வலி. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னேன்.

"பூபதி. எறங்கலாம்."

அவன் நின்றான். நாலு காலில் நின்றபடியே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். விதிப்படி ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உச்சியைப் பார்த்தான். பிறகு அப்படியே பின்பக்கமாக இறங்கினான்.

கீழே வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டில் மற்றவர்களின் டார்ச் வெளிச்சத்தோடு சேர்ந்து இறங்கினோம். முதல் மலைப் படிகளில் என் தோளில் கை வைத்தான். அவனாகவே வைத்தான்.

அடிவாரத்தில் டீ. பெஞ்சில் உட்கார்ந்து பாதி குடித்த பிறகு கேட்டான்: "எதுக்கு எறங்கச் சொன்ன?"

"முட்டி வலி."

என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். "முட்டி வலிக்கறவன் பெஞ்சுல சம்மணம் போட்டு உக்கார மாட்டான்டா."

அப்போதுதான் கவனித்தேன். காலைக் கீழே போட்டேன். அவன் மீதி டீயைக் குடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

தொடை, கெண்டைக்கால், தோள் எல்லாம் வலி. முட்டியில் இல்லை.

மார்ச் 24, திங்கள்

பூபதிக்குக் கன்ட்ரோல் ரூம் வேலை. உட்கார்ந்தபடி எந்தக் காற்றாலை ஓடுகிறது, எது நின்றது என்று திரையில் பார்க்கும் வேலை. நல்ல முடிவு. எனக்குப் பாட்டுப் பாடுகிற ஆள் நிரந்தர ஜோடி.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை அதிகம். பூபதி வீட்டுக்குப் போக நேரமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு லீவு. துணி துவைத்தேன். அறையைக் கழுவிவிட்டேன். மின்விசிறி இறக்கையைக் கழற்றித் துடைத்தேன். மதியம் தூங்கினேன். சுகன்யா போன் செய்தாள். எடுக்கவில்லை, தூக்கத்தில் இருந்தேன். மறுபடி அடித்தபோது விழித்துத்தான் இருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

ஒரு காற்றாலையை நிறுத்தச் சொல்லிக் கன்ட்ரோல் ரூமுக்கு வாக்கி-டாக்கியில் பேசினேன். பூபதிதான் பதில் சொன்னான். "நிறுத்தியாச்சுங்க. ஏறலாமுங்க." எனக்குப் போய் ங்க போடுகிறான்.

மே 18, ஞாயிறு

போனேன். வாக்கர் பிடித்து நடக்கிறான். இடது காலும் போய்க்கொண்டிருக்கிறது. சுகன்யா காபி கொடுத்துவிட்டு எங்களைத் தனியாக விட்டு உள்ளே போனாள்.

வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இந்த மாதக் கடைசியோடு மலைப் பாதையை மூடிவிடுவார்கள். அதற்குள் போகலாம். அலுமினியக் குழாயில் நானே ஒரு நாற்காலி செய்கிறேன், எடை குறைவாக வரும், எங்கள் ஆட்கள் நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினால் உச்சி வரை போய்விடலாம். படம் வரைந்தே கொண்டு போயிருந்தேன்.

படத்தை வாங்கிப் பார்த்தான். "பேரிங் எல்லாம் போட்டிருக்க" என்றான். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"சாமானம் மாதிரித் தூக்கிட்டுப் போயி வெக்கறதுக்கா?"

"உச்சிக்குப் போகணும்னு நீதானடா சொன்ன."

"போயிட்டிருந்தேன்ல?"

படத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எனக்கு அன்னைக்கு வரைக்கும் காலு சரியில்ல. அவ்வளவுதான்டா மூர்த்தி. நீ எறங்கலாம்னு சொன்ன பாரு, அப்பத்தான் நான் நோயாளி ஆனேன். முட்டி கிழிஞ்சா எனக்குத்தான் கிழியுது. இருட்டுனா இருட்டட்டும், ராத்திரியெல்லாம் ஆளு ஏறிட்டே இருக்குது. உன்னால பாக்க முடியல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

சத்தமாகப் பேசவில்லை. சில சொற்கள் குழறின. 'கிழிஞ்சா' என்பதை இரண்டு முறை சொல்லித்தான் முடித்தான்.

"நேரமாயிடுச்சுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"டேய்" என்றான். நிறுத்திக்கொண்டேன்.

காபி ஆறிவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

மே 31, சனி

இன்றோடு மலைப் பாதை மூடல். காற்று ஏறிவிட்டது. எல்லாக் காற்றாலைகளும் ஓடுகின்றன.

ஜூன் 20, வெள்ளி

கன்ட்ரோல் ரூம் வேன் இன்று பழுது. பூபதியை வீட்டில் விடச் சொல்லி ஆபீஸ் காரை என்னிடம் கொடுத்தார்கள். வழியில் அதிகம் பேசவில்லை. காற்றாலைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்று நின்றிருந்தது. "அது யா மோட்டார்" என்றான், காற்றுப் பக்கம் தலையைத் திருப்பும் மோட்டாரைச் சொல்கிறான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

சுகன்யாவுக்கு இரண்டாவது ஷிப்ட். வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள், காரில் ஏறும்போது நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டு முன்னால் படிகள். காரை நிறுத்தியதும் சாரல் பிடித்தது. வாக்கரை எடுத்துக் கொடுத்தேன். படி அடியில் வந்து நின்றான். வாக்கரைச் சுவரில் சாய்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

என் கை அதுவாக நீண்டது. இழுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அவன் திரும்பிப் படியில் உட்கார்ந்தான். கையை மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, உட்கார்ந்தபடியே ஒரு படி ஏறினான். மூச்சு வாங்கினான். அடுத்ததற்குக் கையை ஊன்றினான். அப்போது பார்த்தேன், வலது கை விரல்கள் படி விளிம்பைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டை வைத்துத்தான் தள்ளுகிறான். கையிலும் ஆரம்பித்துவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மழை பெரிதானது. எதிர்வீட்டுக்காரர் குடையோடு வாசலுக்கு வந்து பார்த்தார். "ஏந்தம்பி, பாத்துட்டே நிக்கறீங்க? புடிச்சுத் தூக்கி விடக் கூடாதா?"

"அவனே ஏறுவானுங்க."

"என்ன மனுசன்யா நீ? நனையறான் பாரு!" என்று குடையை நீட்டிக்கொண்டு அவரே இறங்கி வந்தார். நான் குறுக்கே நின்றேன். வேண்டாமுங்க என்றேன். அவர் என்னைத் திட்டிய வார்த்தையை இங்கே எழுத வேண்டியதில்லை. குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பூபதி நடுவில் ஒரு முறை சரிந்தான். தோள் சுவரில் இடித்தது. நான் நகரவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. படியைத்தான் பார்த்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. கடைசிப் படியில் நெடு நேரம் ஆனது. ஏறிக் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டான். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. சிரித்தான்.

"என்னடா வெறிச்சுப் பாத்துட்டு நிக்கற? சாவி உன்றகிட்டத்தான இருக்குது. வா."

போனேன். பூட்டில் சாவி இறங்கவில்லை. மறுபடி மறுபடி குத்திப் பார்த்தேன். கீழே உட்கார்ந்தபடி, "மெதுவாடா, ஒண்ணும் அவசரமில்ல" என்றான் பூபதி.

பூட்டுக்குள் துரு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் கொண்டுபோக வேண்டும்.